பீரங்கிக்குப் பின்னால் நடந்த பட்டறை

போர் வரலாறு எழுதுகிறவர்கள் பீரங்கிகளை எண்ணத் தவறுவதில்லை. எந்தத் தளபதி, எந்த மேடு, காலையில் எத்தனை மணிக்கு முதல் வெடி, எல்லாம் இருக்கும். போகும் வழியில் ஒரு வண்டிச் சில்லு உடைந்தால் அதை யார் மாற்றினார்கள் என்பதை மட்டும் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நான் அதைத் தேடுகிற ஆள். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து பெக்டரிகளின் ரோலர்களுக்குப் புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) கடைவது, ஷாஃப்ட் நிமிர்த்துவது, பல்சக்கரம் வெட்டுவது என் தொழில். அப்பா பெக்டரி ஃபிட்டர். தாத்தா தோட்டத்துக் கொல்லர்; கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் அடித்தவர், வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போட்டவர். அதனால் 18ஆம் நூற்றாண்டுப் பீரங்கிப் படம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது சில்லுக்கும் அச்சுக்கும்தான்.

பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருநாள் கேட்டான்: "பீரங்கி சுடுறதுக்கு ஆசாரி எதுக்குண்ணே? குண்டைப் போட்டு நெருப்பு வச்சா வெடிக்கப் போகுது." அவனுக்கு அன்று வேலைக்கு நடுவில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எடையைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த 12 றாத்தல் குண்டு போடும் பீரங்கியின் குழல் மட்டுமே 1,500 கிலோவைத் தாண்டும். கிரிபோவால் என்ற பீரங்கி அதிகாரி அதைக் கிட்டத்தட்ட 900 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய முறையைப் பிரெஞ்சு அரசு ஏற்றது 1765இல். அப்படியும் அது 900 கிலோ வெண்கலம். அதன் கீழே மர வண்டி, இரும்புப் பூண்கள், இரண்டு பெரிய சில்லுகள். இதைச் சேற்றிலும் கல்லிலும் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடக்க வேண்டும். பிறகு சுட வேண்டும். சுடும்போது மொத்தமும் பின்னால் எகிறும். ஒவ்வொரு வெடிக்கும் அச்சு அடி வாங்கும், ஆரக்கால் அடி வாங்கும், ஆணி தளரும்.

ஆகவே பீரங்கிகளுக்குப் பின்னால் ஒரு பட்டறையே நடந்து போகும். நடமாடும் உலை என்று ஒரு வண்டி: துருத்தி, நெருப்புச் சட்டி, பட்டடைக் கல், கரிப் பெட்டி எல்லாம் சில்லின் மேல். இன்னொரு வண்டியில் மாற்றுச் சில்லுகளும், மாற்று அச்சும், அறுத்து உலர்த்திய மரமும். கூடவே கொல்லர், சில்லுத் தச்சர், மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பவர், சேணமும் இழுவாரும் தைப்பவர், வெடிமருந்துப் பீப்பாய் செய்பவர், தகர வேலைக்காரர், மரக் கடைசல்காரர். கடைசல்காரர் எதற்கு என்றால், குண்டுக்கு அடியில் வைக்க வட்டமான மரக்கட்டை வேண்டும். அதைக் கடைந்து, குண்டைத் தகரப் பட்டியால் அதனோடு கட்டுவார்கள். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடாமல் மரத்தாலோ செம்பாலோ வளையம் போடுவார்கள். இரும்பு உரசிப் பொறி பறந்தால் முகாமே மிஞ்சாது.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் இந்த ஆட்களுக்கென்றே தனிப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. 1777இல் பெஞ்சமின் ஃப்ளவர் என்ற அதிகாரியின் கீழ் தச்சர், கொல்லர், சில்லுக்காரர், தோல் வேலைக்காரரைத் திரட்டிப் பீரங்கிப் படைக்குக் கைவினைஞர் ரெஜிமென்ட் அமைத்தார்கள். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் அவர்களுக்குப் பெரிய பட்டறைகள் இருந்தன. சாதாரணச் சிப்பாயை விடச் சம்பளம் கூட. கூடத்தான் இருக்க வேண்டும். சுடக் கற்றுக்கொடுக்கச் சில கிழமை போதும். ஒரு சில்லுத் தச்சர் உருவாகப் பல வருடம் வேண்டும்.

சில்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இங்கிலாந்துச் சில்லுத் தச்சர் ஒரே சில்லுக்கு மூன்று மரம் எடுப்பார். நடுக்குடத்துக்கு எல்ம். அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், சுற்றிலும் துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக். அதையும் வாளால் அறுக்காமல் நார் போகும் போக்கிலேயே பிளந்து எடுத்தது. வெளிவட்டத்துக்கு ஆஷ், அது அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுக்கும். ஆரக்கால்கள் குடத்திலிருந்து நேராக நிற்காது, வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லு ஆழமில்லாத தட்டைப் போலக் குழிந்து தெரியும். வண்டி ஒரு பக்கம் சரியும்போது எடை குடத்தைப் பக்கவாட்டில் தள்ளும். நேராக நிற்கும் ஆரக்கால் அந்தத் தள்ளலில் ஆட்டம் கண்டுவிடும். சாய்ந்து நிற்கும் ஆரக்கால் எதிர்த்து நிற்கும். அச்சின் முனையைக் கொஞ்சம் கீழே வளைத்திருப்பார்கள். அதனால் எடையைத் தாங்கும் அடி ஆரக்கால் மட்டும் தரைக்குச் செங்குத்தாக வந்து நிற்கும். கணக்குப் புத்தகம் இல்லாமல், கையாலும் கண்ணாலும் கண்டுபிடித்த விஷயம் இது. இதைத் தாத்தா எங்கள் அப்பாவுக்குத் தரையில் குச்சியால் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தாராம். அப்பா எனக்குச் சுண்ணாம்புக் கட்டியால் பட்டறைச் சீமெந்தில் போட்டுக் காட்டினார்.

அந்தக் காலத்துப் பீரங்கிச் சில்லுக்கும் தாத்தா செய்த வண்டிச் சில்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாத்தா முழு வளையமாகப் பட்டம் போடுவார். வளையத்தைச் சில்லை விடக் கொஞ்சம் சிறிதாக அடித்து, விறகும் வறட்டியும் சுற்றி அடுக்கி எரித்து, சிவந்ததும் மூன்று நான்கு பேர் குறடால் தூக்கி வந்து சில்லின் மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும். உடனே தண்ணீர். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள் இன்னும் ஒரு இழை இறங்கும். அந்த முறுக்குச் சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கும் என்பார் அப்பா. 18ஆம் நூற்றாண்டுப் பீரங்கிச் சில்லில் முழு வளையம் வழக்கமில்லை. வளைந்த இரும்புப் பட்டைத் துண்டுகளை, வெளிவட்ட மரத்தின் ஒவ்வொரு மூட்டும் மூடும்படி வைத்து, சூட்டோடு பெரிய ஆணிகளால் அறைந்து, தண்ணீர் ஊற்றிச் சுருக்குவார்கள். போர்க்களத்துக்கு இது தோதான வேலை. ஒரு பட்டை கழன்றால் அதை மட்டும் காய்ச்சி அடிக்கலாம். முழு வளையம் போடப் பெரிய நெருப்பும் சமதரையும் பல கைகளும் வேண்டும். நடமாடும் உலையோடு பாதையோரத்தில் நிற்கும் கொல்லருக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்?

கிரிபோவால் செய்த மாற்றங்களில் என் மனதுக்கு நெருக்கமானது குழலைச் சுருக்கியது கூட இல்லை. மர அச்சை எடுத்துவிட்டு இரும்பு அச்சு வைத்தார். சில்லின் குடத்துக்குள் பித்தளைப் புஷ் இறக்கினார். இரும்பு மேல் இரும்பு உரசாது, மரம் தேயாது, தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். இன்றைக்கும் ஒரு ரோலரின் கிராங்குக்கு நான் செய்கிற வேலை இதுவேதான். இன்னொன்று: வண்டிகளின் பாகங்கள் எல்லாப் பட்டறையிலும் ஒரே அளவில் செய்யப்பட வேண்டும் என்று விதி வைத்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் செய்த சில்லு வேறு ஊரில் செய்த அச்சில் ஏற வேண்டும். குண்டுகளை அளக்க இரண்டு வளையம். பெரியதில் நுழைய வேண்டும், சிறியதில் நுழையக் கூடாது. லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குழலுக்கு வருவோம். பழைய முறையில், நடுவில் களிமண் கரு ஒன்றை நிறுத்தி, அதைச் சுற்றி வெண்கலத்தை ஊற்றுவார்கள். உருகிய உலோகத்தின் வேகத்தில் கரு கொஞ்சம் நகர்ந்தாலும் துவாரம் நடுவில் இருக்காது. ஒரு பக்கச் சுவர் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. வார்ப்பு அச்சில் ஈரம் இருந்தால் அதைவிட ஆபத்து. 1716இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் வார்ப்படச் சாலையில் ஈரம் காயாத அச்சில் உலோகம் பாய்ந்து, நீராவி வெடித்துப் பல பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் லண்டன் அருகே வுலிச்சில் சொந்த வார்ப்படச் சாலை கட்டியது. ஹட்டன் மழையில் மணல் அச்சை உலர்த்திப் பார்த்தவர்களுக்கு அந்த ஈரத்தின் பயம் தெரியும். இங்கே சின்னப் பித்தளைத் துண்டு வார்க்கும்போதே அச்சை இரண்டு தரம் தொட்டுப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த யான் மாரிட்ஸ் வேறு வழி கண்டார். பீரங்கியை முழுக்கட்டியாக வார்த்துவிட்டு, படுக்கப் போட்டுச் சுழலவிட்டு, சுழலாமல் நிற்கும் துளைக்கம்பியை உள்ளே செலுத்தினார். வேலைத்துண்டு சுற்றும், கருவி முன்னே போகும். லேத்தில் நாங்கள் போரிங் பண்ணுவதும் அதே விதம்தான். துவாரம் நடுவை விட்டு ஓடாததற்குக் காரணமும் அதுவே. 1770இல் ஹாலந்திலிருந்து யான் வெர்புருகென் என்ற வார்ப்படக்காரர் மகனோடு வுலிச்சுக்கு வந்து அந்த வித்தையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார். அங்கே இயந்திரத்தைச் சுற்றியது குதிரைகள்.

வெடிமருந்துக்கு நெருப்பு வைக்கும் சின்னத் துளை இருக்கிறதே, அதுதான் பீரங்கியின் நோய் பிடிக்கும் இடம். பிரெஞ்சு வெண்கலத்தில் 100 பங்கு செம்புக்கு 11 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் 232 பாகை சூட்டிலேயே உருகிவிடும். ஒவ்வொரு வெடியிலும் அந்தத் துளை வழியே சூடான வாயு சீறிப் பாயும். துளை அரித்து அகலும். அகன்றால் வேகம் அந்த வழியே வெளியேறும், குண்டு தூரம் போகாது. அதற்கு மருந்து: அரித்துப்போன இடத்தைப் பெரிதாகத் துளைத்து, மரை வெட்டி, அடித்து இறுக்கிய தூய செம்புத் துண்டை முறுக்கி ஏற்றி, அதில் புதிய துளை போடுவது. எதிரி பிடித்துவிடுவான் என்றால் பின்வாங்கும் படை அதே துளையில் இரும்பு ஆணியை அறைந்து தலையை முறித்துவிட்டு ஓடும். பீரங்கி முழுசாக இருக்கும், சுட முடியாது. அந்த ஆணியைத் துளைத்து எடுப்பதும் ஆசாரியின் தலையில்தான். முறிந்த ஸ்டட் போல்ட்டைத் துளைத்து எடுத்த எவருக்கும் அந்த வேலையின் அருமை தெரியும். அதுவும் கைத்துளையால், திறந்த வெளியில், எதிரி திரும்பி வரும் முன்.

இனி நம் மலைக்கு.

கிரிபோவால் முறை ஏற்கப்பட்ட அதே 1765இல்தான் ஒல்லாந்தர் கண்டிக்குள் நுழைந்தார்கள். கவர்னர் வான் எக் 1764இல் ஒருமுறை படை அனுப்பித் தோற்றார். அடுத்த ஆண்டு மறுபடி வந்தார். பெப்ரவரியில் கண்டி விழுந்தது, அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் முன்னரே நகரை விட்டுப் போயிருந்தான், அரண்மனையைக் கொள்ளையடித்தார்கள். ஆனால் நிலைக்க முடியவில்லை. நோய், சோற்றுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு, பாதை நெடுகப் பதுங்கித் தாக்கும் கண்டி வீரர்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் காவல்படை மலையை விட்டு இறங்கியது. வான் எக் ஏப்ரலிலேயே கொழும்பில் இறந்துவிட்டார்.

கண்டி ராச்சியம் வேண்டுமென்றே பாதை போடாமல் வைத்திருந்த நாடு. கணவாய்களில் முள் கடவை, காட்டுக்குள் ஒற்றையடித் தடம். அங்கே சில்லுக்கு வேலையே இல்லை. ஐரோப்பாவின் கைவினைஞர்கள் நூறு வருடம் யோசித்துச் சில்லைச் சிறப்பாக்கினார்கள் என்றால், கண்டியின் கொல்லர்கள் சில்லையே எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய பீரங்கி கொடித்துவக்கு. சின்ன இரும்புக் குழல், கீழே மரக் கால்கள். ஆள் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, பாறை மறைவில் ஊன்றி, கீழே வரும் படைமேல் சுட்டுவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளி என்று அழைத்தார்கள். அதன் அருமையை இந்த மலையில் சுமை தூக்கி ஏறியவர்கள் சொல்லாமலே உணர்வார்கள். கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கிய சனம் நாம்.

அந்தக் கொல்லர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் இலங்கைத் துவக்குக் குழல்களை வெகுவாகப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். சிங்களக் கொல்லர் செய்த துவக்கில் நெருப்பு வைக்கும் பொறி இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம். கண்டியில் இவர்களுக்கென்று கொட்டல்பத்த என்ற நிர்வாகப் பிரிவு இருந்தது: கொல்லர், தச்சர், பொன் வேலைக்காரர் அதன் கீழ். சம்பளத்துக்குப் பதில் நிலம். நிலத்துக்குப் பதில் அரசனுக்கு வேலை. கொடித்துவக்குக்காரர்களுக்கும் தனிப் பிரிவு. அதி உயர்ந்த கைகள் அரண்மனையின் நான்கு பட்டறைகளில் இருந்தன; அரசனின் முடியும் பொன் வாளும் அங்கே செய்யப்பட்டன. இந்தக் கைவினைஞர்களின் முறைகளை விவரமாகப் பதிவு செய்தவர் நம் ஆனந்த குமாரசாமி. கனிமங்களை ஆராய வந்தவர், கொல்லரின் உலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அவருக்கு நான் கடன்பட்டவன்.

வெடிமருந்தும் மலையிலேயே கிடைத்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் குகையில் வெடியுப்பு எடுத்ததை ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர், ராச்சியம் விழுந்த சில வருடத்துக்குள் நேரில் பார்த்து எழுதினார். வௌவால் அடையும் குகைப் பாறையைச் செதுக்கி, இடித்து, மரச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் விட்டு வடித்து, அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுப்பது. அதோடு கரியும் கந்தகமும் சேர்ந்தால் மருந்து. அந்தக் குகைக்காரர்களையும் பீரங்கிப் படையில் சேர்த்தே நான் எண்ணுவேன்.

1765 கொள்ளையில் போன பொருட்களில் ஒன்று, லெவ்கே என்ற திசாவையின் (அரசனின் மாகாண அதிகாரி) பீரங்கி. 1745 அளவில் அவர் அரசனுக்குக் கொடுத்தது. அப்போது ஆண்டது நாயக்க வம்சத்தின் முதல் அரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். வெண்கலம், வெள்ளி, பொன், மாணிக்கக் கல். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 2023இல் வேறு ஐந்து பொருட்களோடு நாடு திரும்பியது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இது போருக்குச் செய்ததல்ல, மரியாதைக்குச் செய்தது. என்றாலும் அதன் முன் நின்றால், உலோகத்தில் உலோகம் பதிக்கத் தெரிந்த ஒரு கை, கல் பதிக்கத் தெரிந்த ஒரு கை, மரம் செதுக்கத் தெரிந்த ஒரு கை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. கொடுத்தவரின் பெயர் அதன் பெயராகிவிட்டது. செய்தவர்களின் பெயர் எனக்கு வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களும் இந்தக் கதையில் உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் பீரங்கிகளோடு லஸ்கர்கள் போவார்கள்: கயிறு கட்டி இழுப்பது, குண்டு சுமப்பது, கூடாரம் அடிப்பது. இழுவைக்கு மாடுகள், மாட்டுக்கு ஒவ்வொரு குளம்புக்கும் இரண்டு துண்டாக லாடம். 1795, 96இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர இலங்கையைப் பிடிக்க வந்தபோது மெட்ராஸ் படை வந்தது. பிறகு 1815இல் கண்டியும் போனது, 1820களில் கடுகண்ணாவை வழியாகப் பாதை ஏறியது. பாதை ஏறியதும் சில்லு ஏறியது; கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், அதற்குப் பின்னால் கொல்லரும் தச்சரும்.

பீரங்கி துளைத்த வித்தையும் அதே வழியாக மலை ஏறி வந்ததுதான். 1774இல் ஜோன் வில்கின்சன் இரும்புப் பீரங்கியை முழுக்கட்டியிலிருந்து துளைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே அந்த அனுபவத்தை வைத்து, பெரிய உருளைகளை உள்ளே வட்டம் பிசகாமல் குடையும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு ஒழுகாத சிலிண்டர் கிடைத்தது அதனால்தான். நீராவியில் ஓடிய பெக்டரிகளின் இஞ்சின்கள் அந்தப் பரம்பரை. எங்கள் அப்பா கழற்றிப் பூட்டிய இயந்திரங்களுக்கும், வுலிச்சில் குதிரை சுற்றிய அந்தத் துளைமேடைக்கும் நடுவே இருப்பது சில தலைமுறை ஆசாரிமார் மட்டுமே.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது, நம் தோட்டங்களில் கொல்லுப் பட்டறை, தச்சுப் பட்டறை வைத்திருந்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிச் சேர்ப்பது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஊவாப் பக்கம் குறைவு. உங்கள் தாத்தா, பாட்டனார் யாராவது வண்டிச் சில்லுக்குப் பட்டம் போட்டவராகவோ, மாட்டுக்கு லாடம் அடித்தவராகவோ, பெக்டரியில் புஷ் வார்த்தவராகவோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் பெயர், தோட்டம், கையில் இருந்த வேலை, இந்த மூன்றும் போதும். அவர் பாவித்த குறடோ உளியோ இன்னும் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்; அதன் அளவையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.